வெயில் காலத்தில் மாடு கத்தாவிட்டால் சினை என்று நம்பிவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். எங்கள் ஜேர்சிக் கலப்பு மாடு தை மாதம் கன்று போட்டது. சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை வேட்கை கண்டு, அதாவது காளை தேடி, கத்தியது, வழும்பும் தெரிந்தது. வீடு வீடாக வந்து சினை ஊசி போடும் ஒருவரை உடனே அழைத்தேன். காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையே போட வேண்டும். அவர் வந்தது மறுநாள் மதியம். வேட்கை தொடங்கி ஏறத்தாழ 30 மணி நேரத்தில் முட்டை வெளியாகிவிடும், அதன் உயிரும் சில மணி நேரம்தான். கேட்டதற்கு, "ஒண்டும் யோசிக்காதேங்கோ அண்ணை, பிடிக்கும்" என்றார்.

சினை பிடிக்காவிட்டால் 21 நாளளவில் திரும்ப வேட்கை வரும். 21 நாள் கழித்து மாடு கத்தவில்லை. அவர் வந்து விலாவைத் தட்டிப் பார்த்தார். கையை உள்ளே விட்டுப் பார்க்கவே இல்லை. கன்றுத்தாச்சி என்று சொல்லி, கரு தங்க என்று இன்னொரு ஊசியும் போட்டு 4,000 ரூபா வாங்கிப் போனார்.

"இரவில் மாடு படுக்காமல் அலைந்துகொண்டு நிற்குது" என்று அம்மா அப்போதே சொன்னார். சினை மாடுதானே என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

ஆவணியில் மிருக வைத்தியர் கைவிட்டுப் பார்த்தார். வயிறு வெறுமை. வெக்கையில் வேட்கை சில மணி நேரமாகச் சுருங்கிவிடுமாம், பல மாடுகள் சத்தமில்லாமல் இரவில்தான் காட்டுமாம். சரியான நேரத்தில் போட்டாலும் இந்த வெயிலில் கரு முதல் சில நாட்களிலேயே அழிந்துபோகலாம். அதை ஊசி போட்டவர் நேரே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மாடு கத்தாததையே சினைக்குச் சாட்சியாக்கிக் காசு வாங்கியதுதான் ஏமாற்று. நான்கு மாதம் வீணாகிவிட்டது. மழை வந்ததும் உடனே சரியாகாதாம், வெக்கை பட்ட முட்டைகள் கழிய இரண்டு மாதம் அளவில் செல்லுமாம்.

ஊசி போட்டு இரண்டு மாதம் ஆனதும் வைத்தியரைக் கொண்டு கைவிட்டுப் பாருங்கள். அதுவரை யார் சினை என்றாலும் காசு கொடுக்காதீர்கள்.

கொட்டில் தகரத்தின் மேல் கிடுகு போட்டுவிட்டேன், தொட்டியில் இரவும் பகலும் தண்ணீர் நிற்கிறது. இரவு 10 மணிக்கு நானும் விடியற்காலை 4 மணிக்கு அம்மாவும் டோர்ச்சோடு போய் மாட்டைப் பார்க்கிறோம்.