பழைய ஆட்டோமேட்டிக் காரில் கூலன்ட் குறைவதும் கியர் முரண்டு பிடிப்பதும்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய, 4 கியர் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்ற வேண்டியிருக்கிறது. கூடவே, சில நாள் பைபாஸில் டாப் கியர் விழுவதில்லை. மறுநாள் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் அன்றைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்கு ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே செலவு அதிகமான வழி. எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த இரண்டு புகாரையும் தனித்தனி ஆளிடம் காட்டாமல் ஒன்றாகவே பார்க்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

முதலில் அளவு. ரிசர்வ் டேங்கில் ஒரு டேப் ஒட்டி, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டம் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடவும். சூட்டில் பார்த்த மட்டத்துக்கு மதிப்பே இல்லை. இரவில் வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, எது முன்பக்கம் என்று குறித்து வைக்கவும். பச்சையோ பிங்க்கோ என்றால் கூலன்ட், சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் ஆயில், நிறமும் வாசனையும் இல்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர். முன்சீட் காலடிக் கார்ப்பெட் ஈரமாகி, இனிப்பு வாசனையோடு கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால் ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

கசிவு எப்போது என்பதுதான் அடுத்தது. காலையில் மட்டும் சொட்டி, எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் ஹோஸ் கிளிப்பைப் பாருங்கள். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப், ரப்பர் சுருங்கும்போது தானும் சுருங்கிப் பிடிக்கும். அதைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ கிளிப் மாட்டிய வண்டிகளில்தான் இந்தக் காலைச் சொட்டு அதிகம். எவ்வளவு இறுக்கினாலும் குளிரில் ஒரு நூல் இடைவெளி விட்டுவிடும். ஓடும்போது மட்டும் குறைந்தால், ஒழுகுவது சூடான எஞ்சின் மேலேயே ஆவியாகிப் போகிறது. வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறிய துளையிலும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடித்துச் சேர்த்த விளிம்பிலும் உப்புப் பூத்தது போல வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கோடு தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்தக் கோடு கண்ணில் படும்.

பலரும் தவறவிடுவது மூன்றாவது நேரம்: நிறுத்திய பிறகு வரும் பத்து நிமிடம். எஞ்சினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடும். சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) இருக்கும் சூடு அப்படியே தண்ணீருக்கு ஏறி, அழுத்தமும் கூடும். விரிசல் வாய் திறப்பது அப்போதுதான். ஆகவே ஓட்டி வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் நின்று பார்க்கவும். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அப்படியும் தெரியவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர். ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் மூடியில் பொறித்திருக்கும் 0.9 அல்லது 1.1 பார் அளவுக்குப் பம்ப் செய்து 15 நிமிடம் விட வேண்டும். முள் இறங்கி, வெளியே ஈரம் இல்லாவிட்டால் உள்ளே போகிறது. மூடியையும் அதே டெஸ்டரில் மாட்டிச் சோதிக்கவும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி, 120 டிகிரியில்கூடக் கொதிக்கக் கூடாத கூலன்ட்டை முன்னதாகவே ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிவிடும். வண்டி ஆறியதும் ரேடியேட்டர் ஹோஸ் சப்பிப் போயிருந்தால், கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச வேண்டிய, மூடியில் உள்ள வால்வு அடைத்திருக்கிறது. பம்ப், கேஸ்கெட் என்று போவதற்கு முன் மூடியை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது.

இனி கியர். 80 கி.மீ வேகத்தில் நிமிடத்துக்கு 2,300 சுற்றில் (ஆர்பிஎம்) ஓட வேண்டிய வண்டி 3,200ஐத் தொட்டால் டாப் கியர் விழவில்லை. 200, 300 சுற்று மட்டும் கூடியிருந்தால் கியர் விழுந்துவிட்டது, டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) லாக்-அப், அதாவது இரண்டையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்தான் பிடிக்கவில்லை. சீரான வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் பிரேக்கை இடக்காலால் லேசாகத் தொடுங்கள். லாக்-அப் பிடித்திருந்தால் ஆர்பிஎம் ஒரு துள்ளு துள்ளி இறங்கும்.

இது கூலன்ட்டோடு சேரும் இடம் ஒன்று உண்டு. எஞ்சின் சூடாகும்வரை, மாடலைப் பொறுத்து சுமார் 50 முதல் 70 டிகிரி வரும்வரை, கம்ப்யூட்டர் டாப் கியரையும் லாக்-அப்பையும் தராது. கூலன்ட் குறைந்து டெம்பரேச்சர் சென்சார் காற்றில் மாட்டிக்கொண்டால், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் (சூடான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இதையே செய்யும். பல வண்டிகளில் பி0128 (கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை) என்ற கோளாறுக் குறியீடு விழும். டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம், பெரும்பாலான வண்டிகளில் 75க்கும் 100க்கும் இடையே அது நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். ஸ்கேனரில் நேரடி வெப்பநிலையைப் பாருங்கள். 88லிருந்து திடீரென்று 60க்கு விழுந்து ஏறினால் கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம். சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால், 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரி வெந்நீரில் 0.3 கிலோ ஓம் அளவில் பெரும்பாலும் காட்டும்.

இன்னொரு இடம் ஆபத்தானது. கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பெரும்பாலும் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது அரித்தாலோ விரிசல் விட்டாலோ இரண்டும் கலந்துவிடும். எஞ்சினை அணைத்த பிறகு கூலன்ட் பக்கம் மட்டும் அழுத்தம் நிற்கிறது, ஆயில் பக்கம் இல்லை. அதனால் கூலன்ட்தான் கியர்பாக்ஸுக்குள் இறங்குகிறது. தரையில் சொட்டு விழாததற்கும் இதுவே காரணம். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டின் காகித லைனிங் தண்ணீரில் ஊறும், கூலன்ட்டில் உள்ள கிளைகால் அதன் பசையைக் கரைக்கும். 2005 முதல் 2010 வரை அமெரிக்காவில் விற்ற நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில் இந்தக் கோளாறு வழக்கு வரைக்கும் போனது.

கியர் ஆயிலின் டிப்ஸ்டிக்கை (அளவு பார்க்கும் குச்சி) வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, கண்ணாடி போலப் பரவும். கலந்த ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில், நுரையோடு, பரவாமல் திட்டாக நிற்கும். சந்தேகமாக இருந்தால் ரேடியேட்டருக்கு வரும் இரண்டு ஆயில் குழாய்களையும் கழற்றி, ஒரு வாயை அடைத்து, இன்னொன்றில் கைப்பம்பால் 2 பார் காற்று கொடுக்கவும். மூடி திறந்த ரேடியேட்டரில் குமிழி வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த ரேடியேட்டரை மாற்றும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் கியர்பாக்ஸைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஒருமுறை டிரெய்ன் செய்தால் பாதி ஆயில்தான், 3 முதல் 4 லிட்டர், வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். மூன்று முறை, இடையிடையே எல்லாக் கியரும் விழ ஓட்டி மாற்றினால்தான் பழையது எட்டில் ஒரு பங்காகக் குறையும். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலையே ஊற்றவும். புது ரேடியேட்டரோடு, ஆயிலுக்கு வெளியே தனிக் கூலர் போட்டுவிட்டால் இந்தப் பயமே கிடையாது. பழைய வண்டிக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கசிவை அடைக்க மஞ்சள் தூளும் லீக்-ஸ்டாப் திரவமும் ஊற்றுவது நம் ஊரில் சகஜம். அவை ஓட்டையை அடைப்பதற்கு முன் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். போர் தண்ணீரும் வேண்டாம், உப்பு படிந்து அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி போதும். நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஐடிலில் விடவும். குமிழி நின்ற பிறகே மூடி. மறுநாள் காலை மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தால் அது காற்று வெளியேறிய இடம்தான். நிரப்பிவிட்டு, டேப்பில் புதுக் கோடு போட்டு, 500 கிலோமீட்டரில் திரும்பப் பாருங்கள்.