கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கல் ஷாப்: 5-க்கு 4

டாக்டர் சீட்டு இல்லாமல் சார்பிட்ரேட் (இதய நோயால் வரும் நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரை) தரவில்லை என்று, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளாவில் இருக்கிற இந்தக் கடைக்கு யாரோ ஒரே ஒரு ஸ்டார் போட்டிருக்கிறார்கள். நான் நாலு போடுவதற்குப் பாதிக் காரணமே அதுதான். நெஞ்சு வலி யாருக்கு வந்தாலும் நாக்கடியில் ஒன்று வை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி வாங்க வருகிறவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. ஏற்கெனவே பிரஷர் இறங்கிக் கிடக்கிற ஆளுக்குக் கொடுத்தால் இன்னும் இறங்கிவிடும்.

அப்பாவுக்கு ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற நெஞ்சு வலி, டாக்டர் இதை 5 மில்லிகிராமில் எழுதியிருந்தார். எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கடையில் கவரில் போட்டு நீட்டியதோடு சரி. இங்கே கவுண்டரில் இருக்கிற சேச்சி அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து, "ஐயா, கள்ளு குடிக்கிற பழக்கம் உண்டோ?" என்றுதான் ஆரம்பித்தார். கள்ளுக்கென்றே பொள்ளாச்சியிலிருந்து வண்டி எடுத்து வருகிற ஊரில் கேட்கவேண்டிய கேள்விதான், மதுவும் இதுவும் சேர்ந்தால் பிரஷர் சட்டென்று விழும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வயாகரா வகை மாத்திரை எடுப்பதுண்டா என்றார். அப்பா என்னைப் பார்க்க, நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அந்த வகையில் சில்டெனாஃபில் போட்டிருந்தால் 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் இதைத் தொடவே கூடாதாம், உயிருக்கே ஆபத்து.

சார்பிட்ரேட் ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்காது, அதைத் தெளிவாகச் சொன்னார். உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. முக்கியமாகச் சிரைகள் விரிவதால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து, அதன் வேலைப்பளு இறங்கி, வலி அடங்குகிறது. விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும், அதனால்தான் நாக்கடியில். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழலாம், உட்கார்ந்துதான் வைக்கவேண்டும். தலைவலி வரும், பயப்படவேண்டாம். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் யோசிக்காமல் 108, அது இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும்.

வலி வராமல் தடுக்கத் தினமும் விழுங்குகிற, இதே குடும்பத்து மாத்திரையான மோனோநைட்ரேட்டுக்கு வேறு கணக்கு. நாள் முழுக்க விடாமல் உடம்பில் இருந்தால் பழகிப்போய் வேலை செய்யாது, அதனால் டாக்டர் எழுதிய நேரத்தை நம் வசதிக்கு மாற்றக்கூடாது. மெதுவாகக் கரைகிற வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. ஸ்ட்ரிப்பை வெயிலில் நிற்கிற பைக் பெட்டியில் போடாதீர்கள் என்றும் சொன்னார்.

குறைகள்? தள்ளுபடி கிடையாது. மதியம் பூட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் பஸ் வந்து நின்றால் கவுண்டரில் தள்ளுமுள்ளு, அந்த நேரத்தில் போனால் சேச்சியிடம் இவ்வளவு பேச முடியாது, காலையில் போங்கள். பில் கேட்டால்தான் தருகிறார்கள்.