இரிடியம் பிளக் எண்டு 18,400 ரூபாய் போச்சு: வாகனம் வைச்சிருக்கிற ஆக்கள் கவனம்

முகநூலில ஓடுற ஒரு உதிரிப்பாகப் பக்கத்துக்கு நாலு இரிடியம் ஸ்பார்க் பிளக்குக்கு (எஞ்சினில பெற்றோலைப் பத்தவைக்கப் பொறி குடுக்கிற சாமான், நடு முனையில இரிடியம் எண்ட உலோகம்) நான் 18,400 ரூபாய் கட்டினனான். வந்த நாலும் போலி. "பெர்ஃபோமன்ஸ் பிளக், பிக்கப் கூடும், பெற்றோல் மிச்சம்" எண்ட அதே விளம்பரம் இப்பவும் ஓடுது. கீழ கொமெண்டில சுன்னாகம், சாவகச்சேரிப் பெடியள் விலை கேட்டுக்கொண்டிருக்கினம். அதைப் பாக்கத்தான் வயிறு எரியுது. என்னென்ன பாத்து வேண்டவேணும் எண்டதைக் கடைசியில எழுதுறன்.

வாகனம் 1என்.இசட். எஞ்சின் டொயோட்டா. அதுக்குரிய பிளக் 14 மி.மீ. புரி, 19 மி.மீ. நீளம், 16 மி.மீ. சொக்கெட், 1.1 மி.மீ. கேப் (பொறி பாயுற இடைவெளி). விக்கிறவன் எஞ்சின் நம்பரைக் கேட்டு, பிளக்கின்ர கோட் நம்பரைப் பிழையில்லாமல் சொன்னான். நம்பிக்கை வந்தது அதிலதான். பிறகு பெட்டி ஸ்டிக்கரைச் சுரண்டிக் காட்டி வீடியோ. "ஒரிஜினல் இல்லையெண்டா முழுக்காசும் திருப்பித் தாறன் அண்ணை, நானும் யாழ்ப்பாணம்தான்." காசு வங்கிக்குப் போட்டாச்சு.

பூட்டினவுடன ஐட்லிங்கில ஒரு குறையும் தெரியேல்ல. ஏ9 றோட்டில முந்த அக்சிலேற்றரை மிதிச்சா எஞ்சின் வெட்டுது. மிதிக்கேக்க சிலிண்டருக்குள்ள அமுக்கம் கூடும், கேப்பைத் தாண்டக் கூடின வோல்டேஜ் வேணும், தரமில்லாத பிளக் அங்கதான் காட்டிக் குடுக்கும். ஸ்கானரில பிழைக் கோட் பி0303, அதாவது மூண்டாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் (பெற்றோல் ஒழுங்கா எரியேல்ல). கொயிலை (பிளக்குக்குக் கூடின வோல்டேஜ் குடுக்கிற பாகம்) தொடாமல் அந்தப் பிளக்கை மட்டும் ஒண்டாம் சிலிண்டருக்கு மாத்த, கோட் பி0301 ஆச்சு. பிளக்கோட சேந்து பிழையும் இடம்மாறினா, குற்றம் பிளக்கில.

மீற்றர் வைச்சுப் பாத்தா இன்னும் மோசம். றெசிஸ்டர் பிளக் (உள்ளுக்கு மின்தடை வைச்ச பிளக்) எண்டா மேல் முனைக்கும் நடு எலக்ட்ரோட்டுக்கும் இடையில 5 கிலோ ஓம் அளவில காட்டவேணும். ஒண்டில மீற்றர் அசையவேயில்லை, ரெண்டு 1 கிலோ ஓமுக்கும் கீழ, ஒண்டு 14. கேப் ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு. லென்சில பாத்தா நடு முனை வெறும் நிக்கலைச் சீவிக் கூராக்கினது. ஒரிஜினலில மெல்லிய இரிடியம் ஊசியைச் சுத்தி லேசர் வெல்டிங் ஒரே சீராத் தெரியும். இதில அந்த வெல்டிங்கே இல்லை. வொஷர் விரலால திருகக் கழண்டு வந்திட்டுது.

விக்கிறவனுக்குப் படங்களை அனுப்பினா, "பூட்டினாப் பிறகு றிட்டேர்ன் இல்லை அண்ணை." பிறகு "உங்கட கொயிலைப் பாருங்கோ." ஸ்கானர் படம் போட்டா "சப்ளையரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." பிறகு "பொஸ் கொழும்புக்குப் போட்டார்." கடைசியா என்ர நம்பரை புளொக் பண்ணிப்போட்டான். 18,400 ரூபாய்! எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் கற்றலிற்றிக் கொன்வேட்டரை (புகையைச் சுத்தமாக்கிற பாகம்) சுட்டிருந்தா, அதின்ர செலவுக்குப் பக்கத்தில இந்த 18,400 ஒண்டுமில்லை.

இன்னொண்டும் சொல்லவேணும். ஒரிஜினல் இரிடியம் பூட்டினாலும் நல்லா ஓடுற எஞ்சினுக்குப் பவர் கூடாது. பொறிக்கான சக்தி கொயிலில இருந்து வருது, பிளக் அதைக் கொண்டுபோய்க் குடுக்கிறது மட்டும்தான். நிக்கல் பிளக்கில நடு முனை 2.5 மி.மீ. அளவு தடிப்பு, இரிடியத்தில என்.ஜி.கே. கொம்பனியில 0.6, டென்சோ கொம்பனியில 0.4 வரை போகும். மெல்லிசா இருந்தா குறைஞ்ச வோல்டேஜில பொறி பாயும். இரிடியம் 2,400 பாகைக்கு மேலதான் உருகும், அதால தேயாமல் கனகாலம் நிக்கும். கூடின காசு அந்த ஆயுளுக்குத்தான். மூண்டு, நாலு கால் (நடு முனைக்கு எதிரில இருக்கிற எலக்ட்ரோட்) வைச்ச பிளக்கும் அப்பிடித்தான், ஒரு நேரத்தில ஒரு காலுக்குத்தான் பொறி பாயும். தேஞ்ச பிளக்கைக் கழட்டி எந்தப் புது நல்ல பிளக்கைப் போட்டாலும் பிக்கப் திரும்பின மாதிரி இருக்கும். விளம்பரக்காரர் அதைத்தான் காட்டி விக்கினம். சாதாரண ஓட்டத்துக்குக் கொம்பனி சொன்ன நிக்கல் பிளக், நேரத்துக்கு மாத்தினாப் போதும்.

பாக்கவேண்டியது: சாமானைக் கையில எடுக்காமல் காசு போடாதேங்கோ. பூட்ட முதல் மீற்றர் வையுங்கோ. என்.ஜி.கே., டென்சோவில கோட்டில இருக்கிற சூட்டு நம்பர் கூடினா குளிர் பிளக் (சூட்டைக் கெதியாக் கடத்துறது), பொஷ் கொம்பனியில மறுவளம், அதால "எல்லாம் ஒண்டுதான்" எண்டு சொல்லுற கடையில வேண்டாதேங்கோ. சூட்டில கழட்டினா அலுமினிய ஹெட்டின்ர புரி போகும். பில் கட்டாயம் கேளுங்கோ. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில, வேண்டி 3 மாசத்துக்குள்ள குடுக்கவேணும்.