தாலி கட்டிய பின் ‘வருங்கால மனைவி’ விசாவா? அமெரிக்கக் குடிமக்களை மணப்போருக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவரை மணந்து அந்நாட்டில் குடியேற எண்ணுவோர், எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது என்பதைத் திருமணத் தேதி குறிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இதை நேர்மாறாகச் சொல்லித்தந்த சென்னை ஆலோசனை நிறுவனம் ஒன்றினால் நானும் என் கணவரும் ஓராண்டுக்கு மேல் பிரிந்திருந்தோம். பெரிய தொகையையும் இழந்தோம். அந்நிறுவனத்தின் மீதான புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் எங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளை வேறு பல ஏஜென்ட்டுகளும் சொல்லிவருவதாகப் பிறகு அறிந்ததால், நடந்தவற்றை விரிவாகவே பதிவு செய்கிறேன்.

என் கணவர் சில ஆண்டுகள் சென்னையில் பணிபுரிந்தவர். பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணி ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்ப வேண்டிய நிலையில், இரு வீட்டாரும் எங்கள் திருமணத்துக்கு இசைந்தார்கள். எந்த வழியில் விண்ணப்பிப்பது என்று கேட்பதற்காகவே அந்த நிறுவனத்துக்குச் சென்றோம். அங்கே பேசியவர் சற்றும் தயங்காமல் ஒரு திட்டத்தைச் சொன்னார். “ஊருக்காகவும் உறவுக்காகவும் மண்டபத்தில் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், பதிவு மட்டும் செய்யாதீர்கள். பதிவு இல்லையென்றால் சட்டப்படி நீங்கள் கல்யாணம் ஆகாதவர்கள்தான். வருங்கால மனைவிக்கான கே-1 விசாவில் ஆறே மாதத்தில் போய்விடலாம், மனைவி விசா என்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்” என்பது அவர் சொன்னதன் சாரம். சடங்குத் திருமணம் நேர்காணலில் சிக்கலாகாதா என்று மின்னஞ்சலிலும் வெளிப்படையாகக் கேட்டோம். ஆகாது என்று எழுத்தில் பதில் வந்தது.

அந்தப் பதிலில் இருந்த பாதி உண்மைதான் எங்களைச் சிக்கவைத்தது. இந்து திருமணச் சட்டத்தின்படி மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செல்லுபடியாகும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் அதே நிபந்தனை உண்டு. எனவே ஓர் இந்துப் பெண்ணும் ஒரு கிறித்தவரும் மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டால், அந்தச் சடங்கு மட்டுமே அவர்களைச் சட்டப்படி கணவன் மனைவியாக்கிவிடாது. அவர்களுக்குரிய நேரான வழி சிறப்புத் திருமணச் சட்டம், 1954. ஆனால் கே-1 என்பது இன்னும் மணம் புரியாத, அமெரிக்காவுக்கு வந்து 90 நாட்களுக்குள் தனக்காக மனுச் செய்த அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணக்கப்போகிற ஒருவருக்கான விசா. மாலையும் தாலியும் மெட்டியுமாக, ஊர் கூடி வாழ்த்திய படங்களோடு வருகிறவரை, நேர்காணல் செய்யும் அதிகாரி திருமணம் ஆனவர் என்று கருதினால் அந்த விசா கிடைக்காது. மணமானவர் என்று காட்டி மனைவி விசாவுக்குப் போகலாம் என்றால், கையில் திருமணச் சான்றிதழும் இருக்காது. கே-1 விசாவுக்கு மணமானவர், மனைவி விசாவுக்கு மணமாகாதவர் என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த ஆலோசனை.

திருச்சியில் திருமணம் நடந்தது. கணவர் ஊர் திரும்பினார். நிறுவனம் தயாரித்த, கே-1 விசாவுக்கான ஐ-129எஃப் மனு அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறைக்குச் சென்று, பல மாதங்களுக்குப் பிறகு ஏற்கப்பட்டு, மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் எனக்கு நேர்காணல் வந்தது. மனு ஏற்கப்பட்டதையே பெரிய வெற்றியாகக் காட்டி நிறுவனம் மீதிக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டது. மனு ஏற்கப்படுவது வேறு, விசா வழங்கப்படுவது வேறு என்பதை அப்போது அவர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

நேர்காணலுக்கு முந்தைய நாள்தான் அவர்கள் கட்டிக்கொடுத்த கோப்பு என் கைக்கு வந்தது. எங்கள் திருமணப் படங்களில் சிலவற்றை எடுத்து, அவற்றின் கீழே ‘நிச்சயதார்த்தம்’ என்று அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஒரு படத்தில் என் கழுத்தில் தாலி தெளிவாகத் தெரிந்தது. தொலைபேசியில் கேட்டபோது, “அதிகாரிக்கு அதெல்லாம் தெரியாது, கேட்டால் நிச்சயம் என்றே சொல்லுங்கள்” என்றார்கள். இந்தியர்களின் விண்ணப்பங்களை ஆண்டு முழுவதும் பார்க்கிற அலுவலகத்துக்குத் தாலி தெரியாது என்று நம்பச் சொன்னார்கள். அந்தப் படங்களை நான் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அதிகாரி என்ன சடங்கு நடந்தது என்று கேட்டபோது, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் மரியாதையாகவே பேசினார். இந்த வகையில் விசா தர இயலாது என்றும், மனு குடியேற்றச் சேவைத் துறைக்கே திருப்பி அனுப்பப்படும் என்றும் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். கட்டிய கட்டணம் எதுவும் திரும்பவில்லை.

நான் அன்று அவர்கள் சொன்னபடி பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். விசா பெறுவதற்காக முக்கியமான ஓர் உண்மையைத் தெரிந்தே மாற்றிச் சொன்னவர் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் முடிவு செய்யப்பட்டால், அந்தத் தகுதியின்மைக்குக் கால வரம்பே இல்லை. அது ஆயுள் முழுவதும் தொடரும். அதிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள கணவருக்கு, மனைவிக்கு அல்லது பெற்றோருக்கு மிகக் கடுமையான துன்பம் நேரும் என்று தனி மனுவில் மெய்ப்பிக்க வேண்டும். பொய்யைச் சொல்லித்தந்த ஏஜென்ட்டுக்கு இதில் எந்த இழப்பும் இல்லை. விண்ணப்பத்தில் இருப்பவை அனைத்துக்கும் கையெழுத்திட்டவரே பொறுப்பு.

மும்பையிலிருந்து திரும்பிய பிறகு அதே நிறுவனம் சொன்ன மாற்றுத் திட்டம் இன்னும் ஆபத்தானது. திருமணமாகாதவர் என்று நிரப்பிச் சுற்றுலா விசா வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், அங்கே போனபின் கிரீன் கார்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் குடியேறும் நோக்கம் உடையவர் என்றே அந்நாட்டுச் சட்டம் முதலில் கருதுகிறது. அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. கணவர் அமெரிக்காவில் இருக்க, மனைவி ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போகிறார் என்று நிறுவுவது கடினம். மனதில் குடியேறும் எண்ணத்தை வைத்துக்கொண்டு சுற்றுலா என்று சொல்லி நுழைவதும் முன்சொன்ன பொய்யுரைப்பாகவே கொள்ளப்படலாம். நுழைந்து 90 நாட்களுக்குள் விசாவுக்குப் பொருந்தாத வகையில் நடந்துகொண்டால் அந்த ஐயத்துக்கு இடமுண்டு என்று தூதரக அதிகாரிகளுக்கான கையேடே சொல்கிறது. அத்துடன் அந்த நிறுவனத்தோடான தொடர்பை முடித்துக்கொண்டோம்.

முடித்துக்கொள்வதும் எளிதாக இருக்கவில்லை. இணையக் கணக்குகளை எல்லாம் அவர்கள் தங்கள் மின்னஞ்சல் முகவரியில் தொடங்கியிருந்தார்கள். கடவுச்சொல்லைத் தர மறுத்தார்கள். என் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைத் திருப்பித் தருவதற்கு ‘கோப்பு மூடும் கட்டணம்’ என்று மேலும் பணம் கேட்டார்கள். மனுவின் நகலைப் பெற்றுப் பார்த்தபோது, படிவத்தைத் தயாரித்தவர் பெயரும் கையெழுத்தும் இட வேண்டிய பகுதி வெறுமையாக விடப்பட்டிருந்தது. என் கணவரே தனியாக நிரப்பியதாகத்தான் அந்தப் படிவம் காட்டியது. பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்புகிற ஒருவர் அந்தப் பகுதியில் கையெழுத்திட மறுத்தால், அவரிடம் உங்கள் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

பிறகு அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கணவர் அணுகினார். அமெரிக்கக் குடியேற்ற விவகாரங்களில் சட்ட ஆலோசனை தரும் தகுதி, அந்நாட்டு மாநிலம் ஒன்றில் உரிமம் உள்ள வழக்கறிஞருக்கும், அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகத்தின் ஏற்புப் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டுமே உண்டு. உரிமம் உண்மையா என்பதை அந்தந்த மாநில வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நமக்காக முன்னிலையாகும் வழக்கறிஞர் ஜி-28 என்ற படிவத்தில் தன் பெயரைப் பதிவு செய்கிறார். எங்கள் பழைய கோப்பில் அப்படி ஒரு படிவமே இல்லை.

வழக்கறிஞர் சொன்னது ஒன்றுதான்: முதலில் ஐயத்துக்கு இடமில்லாமல் சட்டப்படி மணம் புரியுங்கள், பிறகு மனைவி என்றே விண்ணப்பியுங்கள். கணவர் மீண்டும் வந்தார். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 30 நாட்கள் கழிந்த பிறகே மணம் முடிக்க முடியும். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முடிக்கவும் வேண்டும். வெளிநாட்டவர் திருமணமாகாதவர் என்பதற்கு ஆவணம் கேட்கப்படும். எனவே விடுமுறையை இதற்கேற்பத் திட்டமிடுங்கள். சான்றிதழ் கிடைத்ததும், மனைவி விசாவுக்கான ஐ-130 மனுவை இணையவழியிலேயே கணவர் தாக்கல் செய்தார். முந்தைய மனுவையும், மண்டபத்தில் நடந்த சடங்கின் தேதியையும், சட்டப்படியான திருமணத் தேதியையும் தனித்தனியே குறிப்பிட்டு ஒரு விளக்கமும் இணைத்தோம். எதையும் மறைக்கவில்லை என்பதால் இரண்டாவது நேர்காணலில் அதைப் பற்றிய கேள்விகளுக்கு அச்சமின்றிப் பதில் சொல்ல முடிந்தது.

வேகம், செலவு என்ற இரண்டையும் சொல்லித்தான் கே-1 விற்கப்படுகிறது. 2024 ஏப்ரலில் நடைமுறையில் இருந்த கட்டணங்களை வைத்துப் பாருங்கள். கே-1 மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265 டாலர், அங்கே சென்று மணந்த பிறகு கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு 1,440 டாலர், ஆக 2,380 டாலர். மனைவி விசாவுக்கு இணையவழி மனு 625 டாலர், விசா 325 டாலர், நிதி ஆதரவு ஆவணப் பரிசீலனை 120 டாலர், குடியேற்றக் கட்டணம் 235 டாலர், ஆக 1,305 டாலர். கே-1 விசாவில் செல்பவர் தனியே அனுமதி வாங்கும் வரை வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்பயண அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ஊரில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதை நன்றாக எண்ணிப்பார்க்க வேண்டும். மனைவி விசாவில் செல்பவரோ விமான நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்தே நிரந்தர வசிப்புரிமை உடையவர். வேலைக்கும் போகலாம், ஊருக்கும் வரலாம். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் நுழைந்தால் மட்டும் இரண்டாண்டுக்கான நிபந்தனை அட்டை கிடைக்கும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்க ஐ-751 மனுச் செய்ய வேண்டும். உண்மையிலேயே இன்னும் மணம் செய்யாதவர்களுக்கும், அங்கே சென்று மணக்க விரும்புகிறவர்களுக்கும் கே-1 சரியான வழியாக இருக்கலாம். அப்படியென்றால் இங்கே தாலி கட்டும் சடங்கு எதுவும் வேண்டாம்.

ஸ்பான்சர், அதாவது குடியேறுபவருக்கு நிதிப் பொறுப்பு ஏற்பவர், விஷயத்திலும் அந்த நிறுவனம் எங்களைத் தவறாகவே வழிநடத்தியது. யாராவது ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். மனைவி விசாவுக்கான ஐ-864 என்ற நிதி ஆதரவு ஆவணம், நீதிமன்றத்தில் செயல்படுத்தக்கூடிய ஒப்பந்தம். கூட்டமைப்பு அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடு வருமானம் காட்டப்பட வேண்டும். 2025-ஆம் ஆண்டில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு, பெரும்பாலான மாநிலங்களில், அது 26,437 டாலர். கணவரின் புதிய வேலை பகுதி நேரமாக இருந்ததால் என் மாமியார் இணைந்து கையெழுத்திட்டார். அந்தப் பொறுப்பு, குடியேறியவர் குடியுரிமை பெறும் வரையோ, சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும் வரையோ பொதுவாக நீடிக்கும். விவாகரத்தால்கூட அது முடிவதில்லை. இதை அவரிடம் முழுமையாகச் சொல்லிய பிறகே கையெழுத்தைக் கேட்டோம்.

என்னை இன்றும் வருத்துவது பணம் மட்டுமல்ல. என் தந்தை தன் சேமிப்பைப் போட்டு, பெரியவர்களை வரவழைத்து நடத்திய திருமணத்தை, ஒரு கோப்பில் ‘நிச்சயதார்த்தம்’ என்று மாற்றி எழுதிய துணிச்சலை என்னால் மறக்க முடியவில்லை.

நிறுவனத்தின் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். முதற்கட்ட வழிகாட்டலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. எங்களிடம் அந்த மின்னஞ்சல் பதிலும் வங்கிப் பரிமாற்றச் சான்றுகளும் இருந்ததால் புகாரைத் தெளிவாக எழுத முடிந்தது. ரொக்கமாகக் கொடுத்த கடைசித் தவணைக்கு ரசீது தர அவர்கள் மறுத்திருந்ததால், அந்தத் தொகையை மெய்ப்பிப்பது மட்டும் இப்போதும் கடினமாக இருக்கிறது.