'நாஸ்ஃபெராட்டு' டிஸ்க் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"மாமா, வெயில் பட்டா இவன் செத்துருவான்னு சொன்னீங்க. இப்ப பட்டப்பகல்ல பெட்டியைத் தூக்கிட்டுப் போறானே?"

அக்கா மகன் கேட்ட கேள்வி. என்னிடம் பதில் இல்லை. டிவியில் ரத்தக்காட்டேரி கவுண்ட் ஆர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரெல்லாம் வெயில் பளீரென்று அடிக்கும் தெருவில், ரேஷன் வாங்கித் திரும்புகிறவரைப் போல விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த பையனுக்கு, உலகத்தின் மிகப் பழைய ரத்தக்காட்டேரிப் படங்களில் ஒன்றைக் காட்டுகிறேன் என்று இரண்டு நாளாக அளந்துவிட்டிருந்தேன். அவன் அரை மணி நேரத்தில் போனை எடுத்துக்கொண்டான்.

தப்பு படத்தின் மேல் இல்லை, நான் வாங்கிய டிஸ்கின் மேல். 699 ரூபாய். அட்டையில் தங்க எழுத்தில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்ட்'. விற்பனைப் பக்கத்தில் 94 நிமிடம் என்று போட்டிருந்தது. கீழே நாலரை நட்சத்திரம், "என்ன அழகான நிறங்கள்" என்று ஆளாளுக்கு உருகியிருந்தார்கள். வந்த டிஸ்க் 63 நிமிடத்தில் முடிந்துவிட்டது. நிறம் என்று ஒன்றும் இல்லை. சாம்பல் பூத்த கறுப்பு வெள்ளை, அதுவும் பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்தது போல ஓரங்கள் நெளிந்தன.

பிறகு மெதுவாகப் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த நட்சத்திரங்களும் பாராட்டும் வேறொரு பதிப்புக்கு வந்தவை. ஒரே படத்தின் பல டிஸ்குகளை ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டு, எல்லா விமர்சனங்களையும் ஒரே குடத்தில் ஊற்றிவிடுகிறார்கள். நல்ல பதிப்பை வாங்கியவர் எழுதியதைப் படித்துவிட்டு நாம் மட்டமானதை வாங்குகிறோம்.

இந்தப் படத்துக்கு மட்டும் ஏன் இத்தனை மட்டமான டிஸ்குகள் என்பதற்கு ஒரு கதை உண்டு. எஃப். டபிள்யூ. மூர்னௌ எடுத்த இந்த ஜெர்மன் ஊமைப் படம் 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் திரையிடப்பட்டது. 'டிராகுலா' நாவலிலிருந்து கதையை எடுத்துக்கொண்டார்கள், உரிமை வாங்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றினார்கள். நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குப் போட்டார். தயாரித்த கம்பெனி திவாலானது. 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பித்தன. அவற்றை வெட்டியும் ஒட்டியும், பிரதிக்குப் பிரதி எடுத்தும்தான் படம் பிழைத்திருக்கிறது. இப்போது காப்புரிமைத் தொல்லை இல்லை. அதனால் கையில் கிடைத்த தேய்ந்த பிரதியை யார் வேண்டுமானாலும் டிஸ்க்காக அடித்து விற்கிறார்கள். சட்டப்படி தப்பும் இல்லை. 94 நிமிடம் என்று பொய் சொன்னதுதான் தப்பு.

சரி, அந்த வெயிலுக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஃபிலிமை வைத்துக்கொண்டு இருட்டில் வெளிப்புறக் காட்சி எடுப்பது பெரும்பாடு. எனவே இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்தார்கள். திரையிடும் பிரதியில் அந்தப் பகுதிக்கு நீலச் சாயம் ஏற்றிவிடுவார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் பகல் அல்லது விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்பு என்றால் விடியல். பார்க்கிறவர்களுக்கு அது பழகிய பாஷை. பின்னால் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டார்கள். இரவெல்லாம் பகலாகிவிட்டது. வேறு படமாக இருந்தால் பரவாயில்லை. நாவலில் டிராகுலா பகலில் நடமாடுவான், வெயில் அவனைக் கொல்லாது. சூரிய ஒளி பட்டுக் காட்டேரி கரைந்துபோவது இந்தப் படம் கொண்டுவந்த விஷயம். முடிவே அதை நம்பித்தான் இருக்கிறது. சேவல் கூவுகிறது, ஜன்னலில் வெளிச்சம், அவன் புகையாகிறான். ஒரு மணி நேரமாக வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் சாகிறான் என்று பையன் கேட்டால் அது நியாயமான கேள்விதானே?

வேகமும் இன்னொரு கொலை. நொடிக்கு 18 ஃபிரேம் என்ற கணக்கில் ஓட வேண்டியதை 24இல் ஓட்டியிருக்கிறார்கள். எல்லோரும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். கதாநாயகன் ஹுட்டரை ஆர்லோக்கின் கோட்டைக்கு ஏற்றிச்செல்ல வரும் கறுப்பு வண்டி மட்டும் வெடுக் வெடுக்கென்று இயற்கைக்கு மாறான வேகத்தில் வர வேண்டும். மூர்னௌ வேண்டுமென்றே செய்த தந்திரம் அது. படம் முழுக்கவே வெடுக்கென்று ஓடினால் பேய் வண்டி எது, ஊர் வண்டி எது?

பெயர்களும் மாறியிருந்தன. என் டிஸ்கில் ஆர்லோக் கிடையாது, 'டிராகுலா'தான். ஹுட்டர் ஹார்க்கர் ஆகிவிட்டான், அவன் மனைவி எல்லன் நீனா ஆகிவிட்டாள். அமெரிக்காவில் சுற்றிய பழைய பிரதியில், நடுநடுவே வசனத்தை எழுதிக் காட்டும் அட்டைகளை அப்படி மாற்றியிருந்தார்கள். இசை என்று ஏதோ ஆர்கன் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். கப்பலில் மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாகும்போது கல்யாண வரவேற்பில் நிற்பது போலிருந்தது.

திருப்பி அனுப்பலாம் என்று விற்றவர்களிடம் பேசினேன்.

"டிஸ்க் ஓடுதா சார்?"

"ஓடுது. ரொம்ப வேகமா ஓடுது."

"அப்போ டிஃபெக்ட் இல்லையே சார். சீல் பிரிச்ச டிஸ்கை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்."

63 நிமிடம் ஓடுவதைப் படம் பிடித்து அனுப்பினேன். "கால அளவு தோராயமானது" என்று பதில் வந்தது. முப்பத்தொரு நிமிடம் தோராயமாம்! அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், அட்டையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கப் புகைப்படம் கேளுங்கள். அதில் மூர்னௌ அறக்கட்டளையின் சீரமைப்பு என்று இருக்க வேண்டும். 2005-06இல் நடந்த வேலை அது. பாரிஸில் இருந்த, சாயம் ஏற்றிய 1922 பிரெஞ்சுப் பிரதியை அடிப்படையாக வைத்து, விட்டுப்போன துண்டுகளை மற்ற பிரதிகளிலிருந்து கோத்திருக்கிறார்கள். 94 நிமிடம் அதனுடையதுதான். ஹான்ஸ் எர்ட்மான் இந்தப் படத்துக்கென்றே அமைத்த இசையும் மீட்டெடுக்கப்பட்டு அதோடு வருகிறது. புதிதாகச் செய்து சேர்த்த வசன அட்டைகளின் அடியில் எஃப்.டபிள்யூ.எம்.எஸ். என்று அறக்கட்டளைப் பெயரின் சுருக்கத்தைப் பொடியாகப் போட்டிருப்பார்கள். எது பழசு, எது தாங்கள் செய்தது என்று மறைக்காமல் சொல்கிற அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. படம் முழுக்க ஒரே காபி நிறத்தைப் பூசி 'வண்ணச் சாயத்துடன்' என்று விற்பதும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரீஜன், அதாவது டிஸ்க் எந்தெந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற பிரிவு. இது என் முட்டாள்தனம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆத்திரத்தில் பிரிட்டனிலிருந்து நல்ல ப்ளூரே ஒன்றை வரவழைத்தேன். அது ரீஜன் பி. இந்தியாவில் விற்கும் பிளேயர் ரீஜன் சி. 'இந்த டிஸ்க்கை இயக்க முடியாது' என்று ஒரே வரி, கறுப்புத் திரை. எல்லா ரீஜனும் ஓட்டும் பிளேயர் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு டிஸ்கையும் பையனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அங்கே அதே தெரு, அதே பெட்டி. இந்த முறை எல்லாம் நீலம். ஆர்லோக் நிதானமாக நடந்தார். ஆளில்லாத ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. பையன் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே இளஞ்சிவப்பு ஏறியபோது, "விடிஞ்சிருச்சு மாமா" என்று அவனே சொன்னான்.

பழைய டிஸ்கை அக்கா பால்கனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், புறா வராமல் இருக்க. கிழக்குப் பார்த்த பால்கனி. தினமும் காலை வெயில் நேராக கவுண்ட் மேல்தான் விழுகிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புறாவும் வந்துகொண்டுதான் இருக்கிறது.