அப்படியே எடுப்பதா, நம் சொல்லில் சொல்வதா?

ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு முதல் இயலிலேயே வரும் குழப்பம் இது. பிறர் எழுதியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தருவதா, நம் சொல்லில் எழுதுவதா, இரண்டு வரியில் சுருக்குவதா? எப்படிச் செய்தாலும் மூலத்தைக் காட்டியாக வேண்டும். அதில் சலுகை கிடையாது.

கீழடியைப் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்கிறது அது. 'கீழடி 2600 ஆண்டு பழமையானது' என்று சுருக்கினால் மேடைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஆழமும் போயிற்று, மாதிரியும் போயிற்று; ஒரு கரித்துண்டின் வயது ஊர் முழுவதற்கும் வயதாகிவிட்டது. 200 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 205 என்று காட்டுவதும் மறைந்துபோகும். சரி, அறிக்கையிலிருந்து அரைப்பக்கத்தை அப்படியே ஒட்டலாமா? நெறியாளர் அதைத் தாண்டித்தான் போவார். எந்த ஆழம், எந்த மாதிரி, எந்தக் காலம் என்பதை நம் சொல்லில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதிலிருந்து நாம் என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதை அடுத்த வாக்கியத்தில் வைப்பதுதான் இங்கே சரி.

இலக்கிய ஆய்வில் கதை தலைகீழ். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கும் புறநானூறு 192ஆம் பாட்டில் 'கேளிர்' என்ற சொல்லை வைத்து வாதாடப் போகிறவர் 'உறவினர்' என்று மாற்றி எழுதினால் வாதமே கைநழுவும். பாடலடியை அப்படியேதான் தர வேண்டும். ஆனால் முதல் அடியோடு நிறுத்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே! ஆற்றுநீரின் வழியே போகும் புணையைப் போல உயிர் முறைவழிப் படும் என்று பாட்டு பின்னால் பேசுகிறது. அதைப் படிக்காமல் எடுத்த மேற்கோள், எழுத்துப் பிசகாமல் இருந்தும் பாட்டைத் திரித்துவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மூலம் காட்டிய மேற்கோள் அந்தக் கணக்கில் சேராது. இது தெரிந்ததும் சிலர் பக்கத்துக்கு நான்கு மேற்கோள் அடுக்குகிறார்கள். சதவீதம் குறையும்தான், ஆனால் எழுதியவரின் குரலை எங்கே தேடுவது? வேறு சிலர் சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்கிறார்கள்; ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்களும் உண்டு. மூலம் சொல்லாவிட்டால் இரண்டும் திருட்டுதான்.

சுருக்கத்துக்கு இடம் முன்னாய்வுகளைச் சொல்லும் இயல். அங்கே அது போதும், மற்ற இடங்களில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

நம் சொல்லில் எழுதும்போது மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். பிறகு திறந்து எண்களை மட்டும் சரிபாருங்கள். பக்க எண்ணை எடுக்கும்போதே குறித்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் ஒரே ஒரு பக்க எண்ணுக்காக நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தவன் நான்.