பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலம்: ஜூன் மாதத்தை எங்கிருந்து தொடங்குவது?

பள்ளி திறந்த முதல் வாரம். சாரல் காற்றில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்கின்றன. உள்ளே ஐம்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் சிறு வயதிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து வரை தமிழ் வழியில் படித்துவிட்டு மானூரிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் பின்பெஞ்சுகளில். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அரைமணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால், ஒருவர் ஆங்கிலம் பேசி நேரில் கேட்டிராத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த இரு கூட்டத்தையும் ஒரே பாடநூலுக்கு முன் உட்காரவைத்து எங்கிருந்து தொடங்குவது? ஆசிரியர்கள் ஓய்வறையில் ஆண்டுதோறும் நடக்கும் வாதம் இது. சொல்லப்படும் வழிகள் எல்லாவற்றையும் நான் செய்துபார்த்திருக்கிறேன்.

பெரும்பாலோர் எடுக்கும் வழி, முதல் நாளே முதல் பாடம். 2018இல் வந்த பாடநூலில் முதல் உரைநடை, குஷ்வந்த் சிங் தன் பாட்டியைப் பற்றி எழுதியது. அதே அலகில் கேப்ரியல் ஒகாராவின் கவிதையும் ஓ. ஹென்றியின் கதையும் இருக்கின்றன. நல்ல தேர்வுகள். புதுப் புத்தகத்தைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு அதைத் திறக்கும் ஆசை இருக்கிறது, அந்த ஆசையை மதிப்பதே இந்த வழியின் பலம். ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார். பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லின் தலைமேலும் பென்சிலால் தமிழ்ப் பொருளை எழுதிக்கொள்வார்கள். வாரம் முடிவதற்குள் பக்கம் முழுவதும் பென்சில் எழுத்து நிறைந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் கீழே இருக்கும் ஆங்கிலத்தைப் பார்ப்பதில்லை.

பாடத்தை முடிக்க வேண்டுமே என்பார்கள். 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தபின் அந்த அவசரத்தில் நியாயம் இருந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்றாகிவிட்டது. ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் நிதானிக்க இப்போது நமக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது வழி, அடிப்படை இலக்கணத்திலிருந்து மறுபடி தொடங்குவது. பெயர்ச்சொல், வினைச்சொல், காலங்கள். கேட்க நியாயமாகவே இருக்கும். இந்த வழியை மட்டும் நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். ஓர் ஆண்டு மூன்று வாரம் இப்படி நடத்தினேன். முன்வரிசை சலித்துப்போனது. பின்வரிசைக்கு நேர்ந்தது அதைவிட மோசம்: ஆறாம் வகுப்பிலிருந்து தங்களைத் தோற்கடித்த அதே அட்டவணை மறுபடி கரும்பலகையில் ஏறியதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவர்களை என்னால் நிமிரவைக்க முடியவில்லை. இன்னும் அது என் மனதை உறுத்துகிறது.

முதல் நாளே தேர்வு வைத்துத் தரம் பிரிப்பவர்களும் உண்டு. யார் எந்த வரிசை என்பது தேர்வு வைக்காமலே வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மூன்றாவது, ஒவ்வொருவராக எழுந்து தன்னை அறிமுகம் செய்துகொள்வது. பேசவைக்க வேண்டும் என்ற எண்ணம் மிகச் சரியானது. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பிரிந்திருக்கும் மதிப்பெண்ணில் அந்த 90க்குள் பேச்சுக்கு இடமே இல்லை. ஆனால் முதல் பிள்ளை ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கினால் ஐம்பதாவது பிள்ளை வரை ‘மைசெல்ஃப்’தான். மனப்பாடமாக வைத்திருக்கும் நான்கு வரி. பெயரும் ஊரும் தெரியவரும், ஆள் தெரியமாட்டார்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் வழி, ஒரு பக்கம் எழுதவைப்பது. வீட்டில் ஒருவர் தன் கையால் செய்யும் வேலையைப் பார்த்தபடி எழுத வேண்டும். ஆங்கிலச் சொல் வராத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போடலாம். சிவப்பு மை கிடையாது.

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, பீடி சுற்றும் தன் ஆச்சியைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தாள். இலையை நனைப்பது, கத்தரிப்பது, தூளை வைத்துச் சுருட்டுவது, நூலால் கட்டுவது. நடுவில் இரண்டு சிறு வாக்கியங்கள்: ‘ஆச்சி நோ லுக் தட்டு. ஹேண்ட் நோ.’ இரண்டு ‘நோ’வையும் ஒரே எழுத்துகளில் எழுதியிருந்தாள். முதலாவது ‘இல்லை’, இரண்டாவது ‘தெரியும்’. ஆச்சி தட்டைப் பார்ப்பதில்லை, கைக்குத் தெரியும். எத்தனை அருமையான வாக்கியம்! அவள் அனுமதியோடு அதைக் கரும்பலகையில் எழுதினேன். ஒலிக்காத ‘கே’ என்ற எழுத்தை அன்று வகுப்பே கற்றுக்கொண்டது. வினையோடு சேரும் ‘எஸ்’ஸும் அந்த இரண்டு வரியிலிருந்தே வந்தது. தமிழில் ‘ஒரு’ என்று சொல்லாமலே விட்டுவிடும் இடங்களில் ஆங்கிலம் விடாது என்பதை அடுத்த பிள்ளையின் பக்கம் சொல்லிக்கொடுத்தது. அட்டவணை செய்யாத வேலையை அவர்கள் எழுத்தே செய்தது.

இந்த வழியிலும் குறை உண்டு. ஐம்பது பக்கங்களை வாசிக்க இரண்டு இரவு வேண்டும். வாசிக்க நேரமில்லாதவர் இதைத் தொடங்கவே வேண்டாம். எழுதிய பக்கம் கவனிக்கப்படாமல் திரும்பி வந்தால் பிள்ளை அடுத்த பக்கத்தை எழுதாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டுவதும் சரியில்லை. ஆனித் திருவிழா வந்து நெல்லையப்பர் தேர் ஓடுவதற்குள் பாடநூலைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் அதன்பின் அலகுத் தேர்வும் விடுமுறையும் மாறி மாறி வரும்.

அப்படித் திறக்கும்போது அந்த முதல் பாடமே வேறாகிவிடுகிறது. குஷ்வந்த் சிங்கின் பாட்டி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, உதடு அசைய வீட்டுக்குள் நடக்கும் இடத்தை வாசித்தேன். பொருள் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “டீச்சர், ஹேண்ட் நோஸ்.”